மூலிகைச் சேர்மங்களும் ரத்தப் புற்றுநோயும்: கணினியில் டாக்கிங் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பயோடெக், ஃபார்மசி, வேதியியல் படிப்பவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு டாக்கிங்கைத் தேர்ந்தெடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு சிறு மூலக்கூறு ஒரு புரதத்தின் பள்ளத்தில் எப்படி, எவ்வளவு வலுவாக உட்காரும் என்று கணினியில் கணித்துப் பார்ப்பதுதான் டாக்கிங். ஆய்வகச் செலவு கிடையாது. மென்பொருள்கள் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். பெரும்பாலான புராஜெக்டுகள் ஒரே பாதையில்தான் போகின்றன: ஒரு மூலிகை, ஒரு புரதம், −9.4 என்று ஒரு மதிப்பெண் (பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு என்று பொருள்), கடைசியில் ‘இந்த மூலிகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகலாம்’ என்று ஒரு முடிவுரை. இதே லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதைவிட நல்ல வேலை செய்ய முடியும். மூலிகையைத் தொடுவதற்கு முன், ஏற்கெனவே வேலை செய்கிற ஒரு மருந்தை வைத்து உங்கள் முறையைச் சோதித்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்தச் சோதனையைப் பற்றியதுதான்.

நோயாளியோ அவர் குடும்பத்தாரோ இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வார்த்தை. இங்கே வரும் எதுவும் சிகிச்சை ஆலோசனை அல்ல. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரை எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஐரிஸ் என்ற பெரிய ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவது உயிருக்கே ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து மூலிகை எடுப்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ரத்தத்தில் இமாட்டினிப் அளவையே குறைத்துவிடுகிறது.

முதலில் இலக்கைத் தேர்ந்தெடுங்கள்

ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. நாட்பட்ட மைலாய்டு வகையில் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் முக்கியம். திடீர் மைலாய்டு வகையில் பல நோயாளிகளுக்கு எஃப்எல்டி3. நாட்பட்ட லிம்ஃபோசைட் வகையில் பிசிஎல்-2, பிடிகே. எல்லாவற்றையும் ஒரே புராஜெக்டில் இழுத்துப் போட வேண்டாம். தொடங்குவோர் பிசிஆர்-ஏபிஎல்லை எடுத்துக்கொள்வது நல்லது என்பேன். அதைப் பற்றி நமக்கு அவ்வளவு தெரியும்.

1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, நிறுத்தமே இல்லாமல் வேலை செய்யும் ஒரு கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும்) நொதி பிறக்கிறது. அந்த நொதியில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உட்காரும் பள்ளத்தை அடைக்கும் மருந்துதான் இமாட்டினிப். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய்க் காரணம், புரதத்தின் வடிவம், மருந்து, மருந்து தோற்கும் இடம் என நான்கும் தெரிந்திருக்கிற இலக்கு தொடங்குபவருக்கு எளிதில் கிடைக்காது.

புரதத்தின் வடிவம்

புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்தில் ஏபிஎல் கைனேஸின் வடிவங்கள் நிறைய இருக்கின்றன. இங்கேதான் பலர் கண்ணை மூடிக்கொண்டு முதலில் வருவதை எடுத்துவிடுகிறார்கள். இந்த நொதிக்கு இரண்டு முக்கிய நிலைகள் உண்டு. அஸ்பார்டேட், ஃபினைல்அலனைன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் உள்ள வளையம் உள்ளே திரும்பியிருந்தால் நொதி இயங்கும் நிலை. வெளியே புரண்டிருந்தால் இயங்கா நிலை. இமாட்டினிப் இயங்கா நிலையைத்தான் பிடிக்கிறது. டாசாடினிப் இயங்கும் நிலையிலும் உட்காரும். டாசாடினிப்போடு எடுத்த 2ஜிக்யூஜி என்ற வடிவத்தில் இமாட்டினிப்பைப் பொருத்தினால் அது சரியாக உட்காராது. அங்கே தப்பு மருந்தின் பக்கம் இல்லை. நீங்கள் எடுத்த வடிவம் அதற்குரியது அல்ல.

இந்த வழிகாட்டிக்கு 1ஐஇபி என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். எலியின் ஏபிஎல் கைனேஸ், இமாட்டினிப்போடு சேர்ந்தது, 2.1 ஆங்ஸ்ட்ராம் (அணுக்களை அளக்கும் நீள அலகு) தெளிவு. இந்தப் பகுதியில் மனிதப் புரதத்துக்கும் எலிப் புரதத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு. டாக்கிங்குக்கு நாம் பயன்படுத்தப்போகும் ஆட்டோடாக் வினா மென்பொருளின் அடிப்படைப் பயிற்சியும் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் முடிவை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

கோப்பை இறக்கியதும் மென்பொருளுக்குள் தள்ளிவிடாதீர்கள். பைமால் அல்லது கைமெராஎக்ஸில் திறந்து அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஏ, பி என்று இரண்டு சங்கிலிகள் இருக்கும். ஏ சங்கிலியில் எஸ்டிஐ என்ற பெயரோடு இமாட்டினிப் இருக்கும். அதைச் சுற்றி 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள அமினோ அமிலங்களைக் காட்டச் சொல்லுங்கள். மெத்தியோனைன் 318, திரியோனைன் 315, குளூட்டமேட் 286, அஸ்பார்டேட் 381 ஆகியவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் தெரியும். பைப்பரசின் வளையம், ஐசோலூசின் 360, ஹிஸ்டிடின் 361 இரண்டின் முதுகெலும்பு (புரதச் சங்கிலியின் நடுத்தண்டு) ஆக்சிஜன்களைத் தொடும். இந்தப் பட்டியலை நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் மூலிகைச் சேர்மங்களின் அமைப்பைப் பார்த்துத் தரம் பிரிக்கும்போது இதுதான் உங்கள் அளவுகோல்.

புரதத்தைத் தயார் செய்தல்

பி சங்கிலி, நீர் மூலக்கூறுகள், குளோரைடு அயனிகள், இமாட்டினிப் ஆகியவற்றை நீக்குங்கள். இமாட்டினிப்பை மட்டும் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள், தேவைப்படும். எக்ஸ்ரே வடிவத்தில் ஹைட்ரஜன் இருக்காது, சேர்க்க வேண்டும். ஹிஸ்டிடினின் எந்த நைட்ரஜனில் ஹைட்ரஜன் போகிறது, அஸ்பராஜின் திரும்பியிருக்கிறதா என்பதையெல்லாம் ரெட்யூஸ் போன்ற கருவிகள் பார்த்துக்கொள்ளும். பிறகு மீகோ அல்லது ஆட்டோடாக் டூல்ஸ் கொண்டு வினா படிக்கக்கூடிய பிடிபிக்யூடி கோப்பாக மாற்றுங்கள். எந்த மின்னூட்டக் கணக்கைப் போடுவது என்று பலர் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். வினாவின் மதிப்பெண் முறை பகுதி மின்னூட்டங்களைப் பயன்படுத்துவதே இல்லை, ஆகவே அதில் நேரம் செலவிட வேண்டாம். நைட்ரஜனில் ஹைட்ரஜன் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம்.

தெரிந்த மருந்தை வைத்து முதல் சோதனை

இமாட்டினிப்பை மீண்டும் அதன் இடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு நிபந்தனை: கிரிஸ்டலிலிருந்து எடுத்த வடிவத்தை அப்படியே தராதீர்கள். அதில் விடையின் பாதி ஏற்கெனவே இருக்கிறது. இமாட்டினிப்பின் ஸ்மைல்ஸ் குறியீட்டை (மூலக்கூறின் அமைப்பை ஒரே வரி எழுத்தில் சொல்வது) எடுத்து, ஆர்டிகிட் அல்லது ஓபன் பேபல் மூலம் புதிதாக முப்பரிமாண வடிவம் உருவாக்கி, பைப்பரசினில் ஒரு ஹைட்ரஜன் சேர்த்து, அதைக் கொடுங்கள்.

தேடும் பெட்டியின் மையம் எக்ஸ் 15.190, ஒய் 53.903, இசட் 16.917. ஒவ்வொரு பக்கமும் 20 ஆங்ஸ்ட்ராம். இந்த எண்கள் 1ஐஇபி கோப்பின் அசல் ஆயங்களுக்கு மட்டுமே பொருந்தும். புரதத்தை நகர்த்தியிருந்தாலோ வேறு வடிவம் எடுத்தாலோ மையத்தை நீங்களே கணக்கிட வேண்டும். தேடலின் ஆழத்தைச் சொல்லும் எக்ஸாஸ்டிவ்னெஸ் என்ற அமைப்பு, சொல்லாவிட்டால் 8-இல் இருக்கும். இமாட்டினிப் போன்று சுழலும் பிணைப்புகள் அதிகமுள்ள மூலக்கூறுக்கு 32 வையுங்கள். மதிப்பெண் −13-ஐ ஒட்டி வர வேண்டும்.

மதிப்பெண்ணைவிட இடம் முக்கியம். கணினி வைத்த இமாட்டினிப்புக்கும் கிரிஸ்டலில் இருந்ததற்கும் உள்ள விலகலை ஆர்எம்எஸ்டி என்கிறோம். அது 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் சோதனை வெற்றி. இதைக் கணக்கிடும்போது பைமாலின் அலைன் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அது இரண்டு மூலக்கூறுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து வைத்துவிட்டு அளக்கிறது. பள்ளத்துக்கு வெளியே கிடக்கும் மூலக்கூறுக்குக்கூட அழகான எண் வரும். நகர்த்தாமல் அளக்கும் ஆர்எம்எஸ்-கர் கட்டளையையோ, ஓபன் பேபலோடு வரும் ஓபிஆர்எம்எஸ் கருவியையோ பயன்படுத்துங்கள். இந்த ஒரு தவறு பல அறிக்கைகளில் யார் கண்ணிலும் படாமல் தங்கிவிடுகிறது.

இரண்டாவது சோதனை: வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கிறதா?

இமாட்டினிப் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதால் முறை சரியென்று ஆகிவிடாது. உதவாத மூலக்கூறுகளுக்கும் அதே முறை நல்ல மதிப்பெண் தரலாமே! டியூடி-ஈ என்ற தரவுத்தொகுப்பில் ஏபிஎல்லைத் தடுப்பதாக ஆய்வகத்தில் நிரூபணமான மூலக்கூறுகளும், எடையிலும் குணத்திலும் அவற்றைப் போலவே இருந்தும் அமைப்பில் வேறுபட்ட போலிகளும் இருக்கின்றன. லேப்டாப்பில் செய்பவர் 20 உண்மையானவற்றையும் 400 போலிகளையும் எடுத்தால் போதும். 420-ஐயும் டாக் செய்து மதிப்பெண்படி வரிசைப்படுத்துங்கள். முதல் 21 இடங்களில் குருட்டு வாய்ப்பில் வரக்கூடிய உண்மையான மூலக்கூறு சராசரியாக ஒன்று. உங்கள் பட்டியலில் ஐந்தோ ஆறோ வந்தால் முறைக்குக் கொஞ்சம் பார்வை இருக்கிறது. ஒன்றோ இரண்டோ மட்டும் வந்தால் மேலே போகாதீர்கள். வேறு வடிவம், வேறு பெட்டி, வேறு தயாரிப்பு என்று திரும்பிப் போங்கள்.

இந்தச் சோதனைக்கு லேப்டாப்பை ஓர் இரவோ இரண்டு இரவோ ஓடவிட வேண்டியிருக்கும். தவிர்க்காதீர்கள். நேர்காணலிலோ வைவாவிலோ யாராவது ‘உங்கள் எண்ணை நான் ஏன் நம்ப வேண்டும்?’ என்று கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பதில் இதுதான்.

எந்தச் சேர்மங்கள்?

இப்போதுதான் மூலிகைக்கு வருகிறோம். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்ப்பாட் தரவுத்தளம் நமக்குப் பெரிய கொடை. அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மருத்துவத் தாவரங்களும் 17,967 சேர்மங்களும் இருக்கின்றன. எந்தத் தாவரத்தின் எந்தப் பாகத்தில் எந்தச் சேர்மம் என்று தேடலாம்; டாக்கிங்குக்கு ஏற்ற கோப்புகளையும் இறக்கிக்கொள்ளலாம்.

ஒரே மூலிகையை எடுத்து அதன் பதினைந்து சேர்மங்களை மட்டும் டாக் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தச் செடியை எடுத்தாலும் பீட்டா-சிட்டோஸ்டெரால், லூப்பியால், குவெர்செட்டின் என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கு ஏறக்குறைய எந்தப் புரதத்திலும் சுமாரான மதிப்பெண் கிடைக்கும். பீட்டா-சிட்டோஸ்டெரால் நாம் தாளிக்கிற எண்ணெயிலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு வேதிக் குடும்பத்தை எடுங்கள். ஆல்கலாய்டுகள் எல்லாவற்றையும், அல்லது ஐசோஃபிளேவோன்கள் எல்லாவற்றையும். அப்போதுதான் ஒரு அணுத்தொகுதி இருப்பதும் இல்லாமல் போவதும் என்ன மாற்றம் தருகிறது என்று ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ள முடியும்.

‘நித்தியகல்யாணியிலிருந்துதானே வின்கிரிஸ்டின் வந்தது, அதை ஏபிஎல்லில் பொருத்திப் பார்க்கலாமே’ என்று தோன்றும். நம் தென் மாவட்டங்களில் பயிராகும் அதே செடிதான். குழந்தைகளுக்கு வரும் திடீர் லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோய்க்கு 1963-இலிருந்து அதன் மருந்து கைகொடுக்கிறது. ஆனால் வின்கிரிஸ்டின் பிடிப்பது உயிரணு பிரிவதற்குத் தேவையான டியூபுலின் என்ற புரதத்தை, ஏபிஎல்லை அல்ல. செஃபலோடாக்சஸ் மரத்திலிருந்து வந்து, நாட்பட்ட மைலாய்டு வகைக்கே 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓமாசெடாக்சினும் ஏபிஎல்லைத் தொடுவதில்லை; ரைபோசோமில் புரத உற்பத்தியைத் தடுக்கிறது. ஒரு தாவரம் ரத்தப் புற்றுநோய் அணுக்களைக் கொல்கிறது என்பதற்கு ஆதாரம் இருந்தாலும், அது உங்கள் இலக்கின் வழியாகத்தான் கொல்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வின்கிரிஸ்டினை உங்கள் பட்டியலில் எதிர்ச்சோதனையாகச் சேர்த்துக்கொள்ளலாம். 825 எடையுள்ள அந்த மூலக்கூறுக்கு ஏபிஎல்லின் பள்ளத்தில் இடமே இல்லை. அதற்கும் உங்கள் முறை உயர்ந்த மதிப்பெண் தந்தால் முடிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். மூலக்கூறு பள்ளத்தின் வாசலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சலித்தெடுத்தல்

நகல்களையும் உப்புகளையும் நீக்குங்கள். ஸ்டீரியோ மையம் (அணுத்தொகுதிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது) குறிக்கப்படாத சேர்மங்களைத் தனியே ஒதுக்குங்கள். மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடும், நீங்கள் இயற்கையில் இல்லாத ஒன்றை டாக் செய்துகொண்டிருப்பீர்கள். வினா வளையங்களை அசைப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். டெர்பினாய்டு போன்று மடங்கக்கூடிய வளையங்கள் உள்ளவற்றுக்கு இரண்டு மூன்று தொடக்க வடிவங்கள் கொடுப்பது நல்லது.

லிபின்ஸ்கி விதியைக் கண்மூடித்தனமாகப் போடாதீர்கள். எடை 500-க்குள், லாக்பி (கொழுப்பில் கரையும் தன்மையின் அளவு) 5-க்குள், ஹைட்ரஜன் கொடுப்பவை 5, ஏற்பவை 10 என்பது வாய்வழி மருந்துகளைப் பார்த்து 1997-இல் வகுத்த அளவு. இயற்கைச் சேர்மங்களுக்கு அதில் விதிவிலக்கு உண்டு என்று அப்போதே சொல்லப்பட்டது. எச்சரிக்கைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். இலவசமான ஸ்விஸ்அட்மீ தளம் இதைக் கணக்கிட்டுத் தரும்.

பெயின்ஸ் எச்சரிக்கையை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். சில மூலக்கூறுகள் ஆய்வகச் சோதனைகளில் எந்தப் புரதத்தையும் தடுப்பதுபோல் ஏமாற்றும். புரதத்தோடு வேதிவினை புரிவது, கட்டியாகத் திரள்வது, தானே ஒளிர்வது என்று காரணங்கள் பல. மஞ்சளின் குர்குமின் இதில் முதல் வரிசை. அதோடு உடலின் பிஹெச் அளவில் வேகமாகச் சிதைந்தும் போகிறது. குவெர்செட்டினும் இந்த வகைதான். மஞ்சள் மீது நமக்கு இருக்கும் பற்று புரிகிறது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர் குர்குமினைத் தன் முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஓட்டுவதும் முடிவைப் படிப்பதும்

சலித்தபின் சில நூறு சேர்மங்கள் மிஞ்சும். ஒரு சிறு லூப் எழுதி, இமாட்டினிப்புக்கு வைத்த அதே பெட்டி, அதே ஆழம், குறித்து வைத்த சீட் எண் (தற்செயல் தேடலின் தொடக்க எண்) ஆகியவற்றோடு இரவில் ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் சொல்ல வேறெதுவும் இல்லை.

முடிவைப் படிப்பதில்தான் அறிவு தேவை. வினாவை 2010-இல் வெளியிட்டபோது ஒலெக் டிராட், ஆர்தர் ஆல்சன் இருவரும் தந்த நியமப் பிழை மோலுக்கு ஏறக்குறைய 2.85 கிலோகலோரி; வினாவின் மதிப்பெண்ணுக்கும் இதே அலகுதான். அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி என்றாலே பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு. அப்படியானால் 2.85 என்பது நூறு மடங்குக்கும் மேலான தடுமாற்றம். −9.2 வாங்கிய சேர்மத்தைவிட −9.6 வாங்கியது சிறந்தது என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. முதல் இடத்தைக் கொண்டாடாதீர்கள். மேலே உள்ள ஐந்து அல்லது பத்து சதவீதத்தை ஒரே கூட்டமாக எடுத்துக்கொண்டு, அதற்குள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெரிய மூலக்கூறுக்குப் பெரிய மதிப்பெண் கிடைப்பது இந்த முறையின் இயல்பு. ரூட்டின் போன்ற சர்க்கரை கோத்த ஃபிளேவனாய்டுகள் மேலே ஏறி வருவதற்கு முக்கியக் காரணம் அவற்றின் கனமும் ஹைட்ராக்சில் கூட்டமும். வாய்வழி போனால் குடலிலேயே பாக்டீரியா அந்தச் சர்க்கரையை வெட்டிவிடும். டாக் செய்த மூலக்கூறு ரத்தத்துக்கே வராது. மதிப்பெண்ணை ஹைட்ரஜன் அல்லாத அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இமாட்டினிப்பில் 37 அணுக்கள், ரூட்டினில் 43. பட்டியலே மாறிப்போவதைப் பார்ப்பீர்கள்.

பிறகு ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து, நோட்டில் எழுதிய அமினோ அமிலப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நான் முதலில் தேடுவது மெத்தியோனைன் 318-இன் முதுகெலும்போடு ஹைட்ரஜன் பிணைப்பு. ஏடிபி பள்ளத்தில் அமரும் கைனேஸ் தடுப்பிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இடத்தைப் பிடிக்கின்றன. அது இல்லாமல் நல்ல மதிப்பெண் மட்டும் வந்தால் சந்தேகப்படுவேன். ஹைட்ராக்சில் ஒன்று எண்ணெய்ப் பசையுள்ள சுவரை நோக்கித் துணையில்லாமல் நிற்கிறதா? வளையங்கள் இயல்புக்கு மாறாக முறுக்கியிருக்கின்றனவா? அப்படியிருந்தால் நீக்குங்கள்.

மிஞ்சியவற்றை 3ஐகே3 வடிவத்தில் பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே 315-ஆம் இடத்துத் திரியோனைன் ஐசோலூசினாக மாறியிருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்புக்கான ஹைட்ராக்சில் போய்விட்டது, வழியிலும் ஒரு முட்டுக்கட்டை. இமாட்டினிப், நிலோடினிப், டாசாடினிப் மூன்றும் இந்த மாற்றத்தில் தோற்கின்றன; பொனாட்டினிப் தன் நீண்ட மும்மைப் பிணைப்பால் நழுவிப் போகிறது. உங்கள் முறையில் பொனாட்டினிப் வெல்கிறதா, இமாட்டினிப் பின்தங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் வந்தால், இந்த வடிவத்தில் மூலிகைச் சேர்மங்களைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

டாக் செய்த மூலக்கூறு காலப்போக்கில் எப்படி அசைகிறது என்று பார்க்க, குரோமாக்ஸ் மென்பொருளில் 100 நானோநொடி ஓட்டுவது இப்போது வழக்கம். செய்வதாக இருந்தால் ஒரே ஓட்டம் போதாது; வெவ்வேறு தொடக்க வேகங்களில் மூன்று முறையாவது ஓட்டுங்கள், இமாட்டினிப்பையும் கூடவே ஓட்டுங்கள். 100 நானோநொடி நழுவாமல் இருந்தது என்பது சிறு ஆறுதல், அவ்வளவே.

ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது

கடைசியில் ஐந்து முதல் பத்து சேர்மங்கள் கையில் இருக்கும். அவற்றில் தூய நிலையில் விலைக்குக் கிடைப்பவை எவை என்று பாருங்கள். கிடைக்காத சேர்மத்தைச் சோதிக்கவே முடியாது. உயிரணு ஆய்வகம் உள்ள ஒரு பேராசிரியரை அணுகும்போது கேட்க வேண்டியது இரண்டு சோதனைகள். ஒன்று, ஏபிஎல் கைனேஸை நேரடியாகத் தடுக்கிறதா என்ற நொதிச் சோதனை. மற்றொன்று, கே562, எச்எல்-60 என்ற இரண்டு ரத்தப் புற்றுநோய் உயிரணு வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்வது. கே562 பிசிஆர்-ஏபிஎல்லை நம்பி வாழ்வது. எச்எல்-60-இல் அந்தப் புரதம் கிடையாது. இமாட்டினிப் முதலாவதைத்தான் கொல்லும். உங்கள் சேர்மம் இரண்டையும் ஒரே அளவில் கொன்றால் அது பொதுவான நச்சுத்தன்மை; ஏபிஎல்லோடு அதைச் சேர்த்துப் பேச வேண்டியதில்லை. இந்த உயிரணு வகைகளைப் புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து பெறலாம்.

அறிக்கையில் ‘ஏபிஎல்லைத் தடுக்கிறது’ என்று எழுதாமல், ‘ஏபிஎல் சோதனைக்குத் தேர்வாகியுள்ளது’ என்று எழுதுங்கள். பின்னிணைப்பில் வினாவின் பதிப்பு எண், பெட்டியின் அளவு, சீட் எண், மறுபொருத்தலின் ஆர்எம்எஸ்டி, 420 மூலக்கூறுகளின் முழுப் பட்டியல், தோற்றுப்போன சேர்மங்களின் மதிப்பெண்கள் எல்லாம் இருக்கட்டும். கோப்புகளை ஜெனோடோ போன்ற திறந்த களஞ்சியத்தில் ஏற்றி இணைப்பைக் கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு இதே இலக்கை எடுக்கும் மாணவர் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவார்.